இரண்டாவது விருந்து

கோயிலில் அதிகாலை விச்வரூபம் சேவித்துவிட்டு வீடு திரும்பி, வாசற்படியில் காலை வைத்த நேரத்தில் கைப்பேசி ஒலித்தது. ரெஜினாவின் எண். சலேத்மேரி அம்மையாரின் ஒரே மகள் அவள். அந்த வேளையில் அழைக்கும் வழக்கம் அவளுக்கு இல்லை. எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மாமா, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே. ஆஸ்பத்திரிக்குக்கூட எங்களை அலைய விடலை."

வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். பிறகு, அடக்கம் பாலக்கரையிலா ஊரிலா என்று கேட்டேன்.

"ஊர்லதான் மாமா. பாட்டி பக்கத்துல. நாளைக்குப் பத்து மணிக்கு. நீங்க இன்னிக்கு வந்து அலைய வேண்டாம். உங்களுக்கு ஏகாதசின்னு காலண்டர்ல பார்த்தேன்."

தாயின் உடல் கிடக்கும் வீட்டில், காலண்டரைப் பார்த்துவிட்டு ஒருத்தி எனக்குப் போன் செய்கிறாள். அந்தக் குடும்பத்தில் காலண்டர் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் நான்தான். அம்மையாரிடம் தமிழ் படித்தவர்களும், அவரோடு பணியாற்றியவர்களும், ஞாயிறு பூசையில் அவரது வாசகத்தைக் கேட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும். நீங்கள் அறிந்த சலேத்மேரி டீச்சர் மெல்லிய குரலும் கண்டிப்பான கையெழுத்தும் உடையவர். நான் அறிந்தவரையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

பாலக்கரையில் ஒரு பள்ளியில் இருவரும் பத்தொன்பது ஆண்டுகள் தமிழாசிரியர்களாக இருந்தோம். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர். ஒருநாள் மதிய இடைவேளையில் நான்கைந்து தாள்களைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். அவரது ஆலயத்தில் பெண்களுக்குப் பேசவிருந்த உரை. தமிழ் சரியாக இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். பொருள், எபிரேய மறையில் வரும் எஸ்தர் என்னும் பெண்ணின் வரலாறு. அதுவரை நான் அறியாதது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாய்தந்தையற்ற யூதப் பெண் ஒருத்தி பாரசீகப் பேரரசனின் அரசியாகிறாள். தன் இனம் இன்னதென்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அரசனின் முதல் அமைச்சன் யூத இனம் முழுவதையும் ஒரே நாளில் அழிப்பதற்கு அரசாணை பெற்றுவிடுகிறான். அவளை வளர்த்த உறவினர், அரசனிடம் போய்க் கேள் என்கிறார். அழைக்கப்படாமல் அரசன் முன் போகிறவருக்கு மரணமே சட்டம். அரசன் செங்கோலை நீட்டினால் மட்டுமே உயிர். அவள் மூன்று நாள் உபவாசம் இருந்துவிட்டுப் போகிறாள். செங்கோல் நீள்கிறது. என்ன வேண்டும் கேள், பாதி அரசானாலும் தருகிறேன் என்கிறான் அரசன். அவள் கேட்டது, அரசனும் அந்த அமைச்சனும் தன் விருந்துக்கு வர வேண்டும் என்பதை மட்டும். விருந்தில் அரசன் மறுபடியும் கேட்கிறான். அப்போதும் அவள், நாளையும் விருந்துக்கு வாருங்கள், அப்போது சொல்கிறேன் என்கிறாள். இரண்டாவது விருந்தில்தான் கேட்கிறாள். இனம் பிழைக்கிறது.

நான் தாள்களைக் கீழே வைத்தேன். "அம்மா, முதல் விருந்திலேயே கேட்டிருக்கலாமே. அரசனே கேள், கேள் என்கிறான். ஒருநாள் தள்ளிப்போட்டாளே, அதற்குள் அவன் மனம் மாறியிருந்தால்?"

"எனக்கும் தெரியலை சார். படிக்கும்போதெல்லாம் அங்கதான் இடறும். அதனால பேசும்போது அந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாத் தாண்டிடுவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அகத்திணை மரபில் முல்லைக்கு உரிய ஒழுக்கம் இருத்தல். கார்காலம் வரும்வரை ஆற்றியிருக்கும் தலைவியைப் போல இவளும் இருக்கிறாள் போலும் என்று என் வித்தையைக் காட்டினேன். அவர் தலையை அசைத்தார். "இல்ல சார். முல்லையில இருக்கிறவ, வர்றவனுக்காகக் காத்திருக்கா. எஸ்தருக்கு யாரும் வரப்போறதில்ல. இவதான் போகணும். போற நேரத்துக்காகக் காத்திருக்கா."

ஆண்டுக்கணக்காகச் செய்யுள் கற்பித்தவன் நான். அந்தப் பதிலை அவரது தாளின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்தேன். அன்று அவர் இன்னொன்றும் சொன்னார்: அந்நூலின் எபிரேய மூலத்தில் இறைவனின் பெயர் ஓரிடத்திலும் வருவதில்லையாம். உள்ளே நின்று இயக்குகிறவனை அந்தர்யாமி என்போம் நாங்கள். பெயர் சொல்லப்படாமலே ஒரு நூல் முழுதும் அவன் நிற்கிறான் என்ற எண்ணம் வெகுநாள் என்னை விட்டுப் போகவில்லை.

அவருடைய ஊர் லால்குடிக்கு அப்பால், வாய்க்கால் கரையில் உள்ள சிற்றூர். பெயரை எழுத மாட்டேன். "சுவர் கட்டின ஊருன்னு பேர் வேண்டாம் சார், சுவர் எடுத்த ஊரும் அதுதானே" என்று அவரே சொல்லியிருக்கிறார். எல்லோரும் ஒரே ஆலயத்தில் மண்டியிடும் கிறிஸ்தவர்கள். மேலத்தெருவுக்கு நிலம், கீழத்தெருவுக்கு அந்த நிலத்தில் வேலை. அம்மையார் கீழத்தெரு. கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர். அந்தப் பக்கம் மேலத்தெருவின் இறந்தோர், இந்தப் பக்கம் கீழத்தெருவின் இறந்தோர்.

வாய்க்கால் மேட்டிலிருந்து கசியும் நீர் முன்பெல்லாம் தோட்டம் முழுவதும் பரவி, மறுபுறத்து வடிகாலில் இறங்கிவிடுமாம். சுவர் எழுந்தபின் கீழத்தெருப் பகுதியிலேயே தேங்கியது. அவருடைய தந்தை ஐப்பசியில் இறந்தார். தோண்டத் தோண்டக் குழியில் நீர் ஊறியது. உறவினர்கள் வரிசையாக நின்று வாளியால் இறைத்தார்கள். இறைத்து முடியவில்லை. "பெட்டியை வச்சதும் அது மிதந்துச்சு சார். ரெண்டு பேர் கல்லைத் தூக்கி மேல வச்சாங்க. எங்க அப்பா மேல." இதைச் சொன்னபோதும் அவர் குரல் உயரவில்லை.

அவரது இளமையில் ஒருமுறை கீழத்தெரு இளைஞர்கள் கடப்பாரையோடு போய்ச் சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள். போலீஸ் வந்தது, வழக்கு வந்தது, படித்துக்கொண்டிருந்தவர்களின் படிப்புப் போனது. சுவர் முன்னிலும் இரண்டடி உயரமாக எழுந்தது. அதை அவர் மறக்கவில்லை.

அவர் ஓய்வுபெற்ற மறு ஆண்டு, ஆனி மாதத்தில், எண்பத்தெட்டு வயதான அவரது தாயார் வழுக்கி விழுந்து படுக்கையானார். அடுத்த மழையைத் தாண்டுவது கடினம் என்றார் மருத்துவர். அம்மையார் என் வீட்டுக்கு வந்து சொன்னது ஒரே வாக்கியம்: "எங்க அம்மாவைத் தண்ணியில இறக்க மாட்டேன் சார்."

மனு எழுதித் தரட்டுமா என்றேன். கலெக்டருக்கு, ஆயருக்கு, நீதிமன்றத்துக்கு. மனுக்கள் ஏற்கெனவே மூன்று போயிருக்கின்றன என்றார். இளைஞர்கள் மறுபடியும் கடப்பாரை தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் தடுத்தபோது ஒருவன், "பாட்டி செத்த பிறகு டீச்சர் நல்ல தமிழ்ல ஒரு இரங்கற்பா பாடுவாங்க, போங்கடா" என்றானாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு, "பையன் வாக்கியம் நல்லாத்தான் அமைச்சிருக்கான்" என்றார்.

பிறகு அவர் செய்ததை நான் இன்று நினைத்தாலும் மெய் சிலிர்க்கிறது. தன் தெருப் பெண்களோடு மூன்று நாள் உபவாசம் இருந்தார். நான்காம் நாள் காலை மேலத்தெருவுக்குத் தனியாக நடந்தார். அங்கே சொல் செல்லும் மனிதர் சூசைப் பெரியவர். கீழத்தெருவினர் அவரைக் காண வேண்டுமானால் கொல்லைப்புறம் போய் நின்று குரல் கொடுக்க வேண்டும். வாசற்படி ஏறியவர் எவருமில்லை. ஏறினால், மறுநாள் கீழத்தெருவுக்கு வயல் வேலை இருக்காது.

"அஞ்சு படி சார். ஒவ்வொண்ணா எண்ணினேன். அவரு பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாரு. கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் உள்ள திரும்பி, டீச்சரம்மா வந்திருக்காங்க, ஒரு சேர் கொண்டாங்கன்னாரு."

அந்த நாற்காலிதான் செங்கோல். என்ன வேண்டும் என்று பெரியவர் கேட்டிருக்கிறார். சுவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், "அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. உங்களைப் பார்க்கணும்கறாங்க. ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல சாப்பிட வாங்க" என்று அழைத்துவிட்டு இறங்கிவிட்டார். அவருடைய தாயார் அந்த ஊரின் மருத்துவச்சி. சூசைப் பெரியவர் பிறந்தபோது அவரை ஏந்திய கை அந்தக் கிழவியின் கை. வரமாட்டேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. சாப்பிடுகிறேன் என்றும் சொல்லவில்லை.

என்னையும் அழைத்தார். "நீங்க அவசியம் வரணும் சார். ஏன்னு இப்ப கேக்காதீங்க." நான் கேட்கவில்லை. ஆனால் எனக்குள் ஒரு கலக்கம் இருந்தது. அத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அவர் வீட்டில் நான் ஒரு வாய் உணவு உண்டதில்லை. ஆசாரம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். பள்ளியிலும் என் சொம்புத் தண்ணீர்தான். அவர் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. ஏன் என்று கேட்டதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தத் தெருவில் கறிக்குழம்பு மணக்காத வீடு அது ஒன்றுதான். புதுப் பாத்திரங்களில் சமையல். "வெங்காயம்கூடச் சேர்க்கலை சார்" என்றார். சூசைப் பெரியவர் வெள்ளை வேட்டியோடு வந்து, கட்டிலில் கிடந்த கிழவியை நலம் விசாரித்துவிட்டு, எனக்கு எதிரே உட்கார்ந்தார். இரண்டு இலைகள் போடப்பட்டன. பெரியவர் தம் இலையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் நெற்றித் திருமண்ணைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

என் கை எழவில்லை. என் வாய் சொன்னது: "எனக்கு இன்றைக்கு ஏகாதசி. பழம் இருந்தால் போதும்."

அன்று ஏகாதசி அல்ல. ஏகாதசி முந்தைய நாள். அன்று துவாதசி, உபவாசம் முடித்து அன்னம் கொள்ள வேண்டிய நாள். காலையிலேயே அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாகப் பாரணை செய்துவிட்டு வந்திருந்தேன். அதைச் சொன்னால், ஒரு பிடியாவது என்பார்கள். ஏகாதசி என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். திருவரங்கத்தில் பிறந்து, திதி தவறாமல் எழுபத்திரண்டு வயது வரை வாழ்ந்தவன், திதியையே பொய்க்குத் துணை சேர்த்தேன்.

அம்மையார் ஒரு கணம்தான் நின்றார். "அப்படியா சார், பழம் கொண்டு வர்றேன்" என்று அடுக்களைக்குள் போனார். போகும்போது சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. சேலை கதவில் சிக்கியது என்று நினைத்தேன். இரண்டு வாழைப்பழத்தோடு திரும்பினார்.

சூசைப் பெரியவர் முகம் தெளிந்தது. "சாமியே பழத்தோட நிறுத்திக்கிட்டாரு. எனக்கும் அதுவே போதும்மா" என்று ஒன்றை எடுத்துக்கொண்டார். பிறகு இரக்கமாகவே கேட்டார்: "சொல்லும்மா, என்ன காரியமாக் கூப்பிட்டே? என்னால ஆனதைச் செய்றேன்."

அம்மையார் கேட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். தாயாரின் மூச்சு இழுக்கும் சத்தம் அறை முழுவதும் கேட்டது. அவர் சொன்னார்: "அடுத்த ஞாயிறும் நீங்க ரெண்டு பேரும் வரணும் பெரியவரே. அப்ப சொல்றேன்."

கை கழுவ எழுந்தபோதுதான் அடுக்களைக் கதவருகே தொங்கிய தினசரிக் காலண்டரைக் கண்டேன். மளிகைக்கடையில் கொடுத்தது, திதி, நட்சத்திரம் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அது திங்கட்கிழமையைக் காட்டிக்கொண்டிருந்தது. திரயோதசி என்று போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் காணோம்.

சூசைப் பெரியவர் நாள் பார்க்காமல் நாற்றுக்கூட விடமாட்டார். அவர் உட்கார்ந்த இடத்துக்கு நேராக அந்தக் காலண்டர். துவாதசி என்ற எழுத்து அவர் கண்ணில் பட்டிருந்தால், கீழத்தெரு வீட்டில் உண்ணாமலிருக்க ஓர் ஐயங்கார் பொய் சொன்னார் என்று ஊர் அறிந்திருக்கும். அதன்பின் எந்த விருந்தும் நடந்திராது. நான் பொய்யைச் சொல்லி முடித்ததுமே அதன் சாட்சியைக் கிழித்துவிட்டது அந்தக் கை.

தாயாருக்கு மருந்து வாங்க அவரும் லால்குடியிலிருந்து என்னோடு பாலக்கரை பஸ்ஸில் வந்தார். கொள்ளிடப் பாலத்தில் ஏறியதும், மன்னிப்புக் கேட்கத் துணிவின்றி, பழைய கேள்விக்குள் ஒளிந்துகொண்டேன். "இன்றைக்கே கேட்டிருக்கலாமே அம்மா?"

அவர் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எஸ்தர் ஏன் தள்ளிப்போட்டான்னு இப்பத்தான் எனக்குப் புரியுது சார். முதல் நாள் விருந்துல யாரோ ஒருத்தர் சாப்பிடலை போலிருக்கு."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். திருவானைக்காவில் இறங்கிய நான், அவர் பஸ் திரும்பி மறையும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாரம் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். புதன்கிழமை கீழத்தெருவில் இன்னாசி என்ற முதியவர் இறந்தார். நாற்பது ஆண்டுகள் சூசைப் பெரியவரின் வயலில் ஏர் ஓட்டியவர். ஒருமுறை வாய்க்கால் வெள்ளத்தில் பெரியவரின் தம்பியை இழுத்துக் கரை சேர்த்தவரும் அவர்தானாம். மேலத்தெருவினர் ஆலயத்தோடு நின்றுவிடுவார்கள். கீழத்தெருக் கல்லறைக்குள் வருவதில்லை. அன்று என்ன தோன்றியதோ, பெரியவர் தனியாகக் கல்லறை வரை வந்திருக்கிறார். குழியில் நீர். வரிசையில் வாளிகள். மிதந்த பெட்டி. ஒருவர் கல்லைத் தேடிப் போக, பெரியவர், "கல்லு எதுக்குப்பா?" என்று கேட்டிருக்கிறார். கல் வந்தது. பார்த்துக்கொண்டே நின்றாராம்.

இரு விருந்துகளுக்கும் இடையே எஸ்தரின் வரலாற்றில் என்ன நடந்தது என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது. அரசனுக்கு உறக்கம் வரவில்லை. அரண்மனைக் குறிப்பேட்டை வாசிக்கச் சொல்கிறான். தன் உயிரைக் காத்த ஒருவனுக்கு இதுவரை எந்தச் சிறப்பும் செய்யவில்லை என்று அப்போதுதான் அறிகிறான். அவன் எஸ்தரை வளர்த்தவனே. எஸ்தருக்கோ இது எதுவும் தெரியாது. அவள் செய்தது ஒருநாள் இடம்விட்டது மட்டும். போனில் இதை அம்மையாரிடம் சொன்னேன். "நான் எதையும் ஏற்பாடு பண்ணலை சார்" என்றார். பெயர் சொல்லப்படாதவனின் கை அந்த வாரத்துக்குள் வேலை செய்ததென்று நம்புகிறேன். நம்பாமலிருக்க என்னால் இயலவில்லை.

இரண்டாம் ஞாயிறு. அதே இரண்டு இலைகள். சோறு, பருப்பு, கத்திரிக்காய்க் கூட்டு, ரசம். பெரியவர் அன்று என் கையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இலையைச் சுற்றி நீர் விட்டுப் பரிசேஷணம் செய்து, முதல் கவளத்தை எடுத்தேன். அந்த அம்மையார் ஏறிய ஐந்து படிகளை நினைத்துக்கொண்டேன். உண்டேன்.

கட்டிலிலிருந்து கிழவியின் குரல் கேட்டது. "சாமி சாப்பிடறாரு, நீங்க என்ன உக்காந்திருக்கீங்க சூச ஐயா? நீங்க பொறந்தன்னிக்கு மொத மொத சீனித்தண்ணி தொட்டு வச்சது இந்த வெரலுதான். அன்னிக்கு நல்லாச் சப்பினீங்க. இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார். சிரிப்பு நின்றபின்னும் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு உண்டார். ரசத்துக்கு இரண்டாம் முறை சோறு கேட்டார்.

"இப்பச் சொல்லும்மா" என்றார்.

அம்மையார் கரண்டியைக் கீழே வைத்தார். "எங்க அம்மாவைத் தண்ணியில இறக்கக் கூடாது பெரியவரே. எங்க அப்பாவை இறக்கின மாதிரி. புதன்கிழமை இன்னாசி அண்ணனை இறக்கின மாதிரி. இது ஒண்ணுதான்."

"நான் இன்னும் சாகலடி" என்றார் கிழவி. யாரும் சிரிக்கவில்லை.

சுவர் என்ற சொல்லை அவர் உச்சரிக்கவேயில்லை என்பதைக் கவனியுங்கள். அதைப் பெரியவர்தான் சொன்னார். "சுவத்துல அங்கங்க ஓட்டை போட்டுவிட்டா தண்ணி வடிஞ்சிரும். நாளைக்கே ஆள் விடறேன்."

பாதி அரசு நீட்டப்பட்டது. நானாக இருந்தால் கண்ணீரோடு கைகூப்பியிருப்பேன். அவர், "தண்ணிக்கு வழி விடறேங்கிறீங்க. சந்தோஷம் பெரியவரே" என்றார். அவ்வளவுதான். மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அது வெறுங்காத்திருப்பு அல்ல. என் வாழ்நாளில் அத்தனை நீண்ட மௌனத்தை எந்தச் சந்நிதியிலும் நான் உணர்ந்ததில்லை.

பெரியவர் இலையை மடித்தார். உறவு தொடர வேண்டும் என்பவர் மடிப்பதுபோல், தம் பக்கமாக மடித்தார். "தண்ணிக்கு விடற வழியை மனுசனுக்கு விடலைன்னா, நான் சாப்பிட்ட சோத்துக்கு அர்த்தம் இல்லைம்மா" என்றார்.

எளிதில் முடிந்தது என்று எண்ண வேண்டாம். மேலத்தெருவில் ஒரு மாதம் சச்சரவு. பெரியவரின் தம்பியே அவரோடு பேச்சை நிறுத்தினார். கீழத்தெருவில் இளைஞர்கள் தினமும் வந்து எப்போது என்று கேட்டார்கள். அம்மையார் ஒவ்வொரு நாளும் ஒரே பதிலைச் சொன்னார்: "அவங்க கையால எடுத்தாத்தான் மறுபடியும் கட்ட மாட்டாங்க." ஆவணியில் பெரியவர் தம் தந்தையின் கல்லறைக்கு நேராக இருந்த பகுதியிலிருந்து முதல் செங்கல்லைப் பெயர்த்தார். பேச்சை நிறுத்திய தம்பி மூன்றாம் நாள் கடப்பாரையோடு வந்து நின்றாராம். புரட்டாசி முடிவதற்குள் சுவர் முழுவதும் போயிற்று.

ஐப்பசி மழையில் கிழவி இறந்தார். நானும் போயிருந்தேன். வாளி இல்லை. கல் இல்லை. அம்மையார் குழியின் ஓரத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, அழுத்தி, விரித்துக் காட்டினார். "ஈரம் மட்டும்தான் சார்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

நான் இரண்டாம் ஞாயிறு உண்டதை அன்று மாலையே வீட்டில் சொல்லியிருந்தேன். என் மனைவி சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "ரசம் நன்னா இருந்ததா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த மாதம் அம்மையாரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தவளும் அவள்தான். ஆனால் அந்தக் காலண்டர்த் தாளைப் பற்றி நானும் அம்மையாரும் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடப் பேசவில்லை. கிழித்தவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ரெஜினா அழைத்த மறுநாள் அம்மையாரின் அடக்கத்துக்குப் போனேன். துவாதசி. வீட்டில் பாரணை செய்யாமல் புறப்பட்டுவிட்டேன். முன்பு சுவர் நின்ற கோட்டின்மீதே, தாயாருக்குப் பக்கத்தில், அவருக்குக் குழி தோண்டியிருந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய சூசைப் பெரியவர் தடியை ஊன்றி வந்து முதல் பிடி மண்ணைப் போட்டார். அடக்கம் முடிந்து வாய்க்காலில் தலை முழுகிவிட்டு வந்தேன். துக்க வீட்டில் அன்று அடுப்பு மூட்டுவதில்லை. மேலத்தெருவிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. பெரியவர் வீட்டுச் சாப்பாடு. ஒரே பந்தி. எனக்கென்று வெங்காயம் சேர்க்காமல் தனியே செய்திருந்தார்கள். திதி பிற்பகல் வரை இருந்தது. பெரியவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து என் பாரணையை முடித்தேன்.

புறப்படும்போது ரெஜினா ஒரு சிறிய உறையைத் தந்தாள். "அம்மா பைபிள்ல இருந்துச்சு மாமா. எஸ்தர் பக்கத்துல. உங்களைப் பத்தி எழுதியிருக்கு, அதான்."

உள்ளே பழுத்துப்போன காலண்டர்த் தாள். ஞாயிற்றுக்கிழமை. துவாதசி. மேல்விளிம்பு அவசரத்தில் கோணலாகக் கிழிந்திருந்தது. பின்புறத்தில் அந்தக் கண்டிப்பான கையெழுத்து. எங்களுக்குப் பழம் எடுக்க உள்ளே போன அந்த இரண்டு நிமிடத்தில் எழுதியிருக்க வேண்டும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். என் பெருமாள் அலமாரியில், சாளக்கிராமத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதில் ஒரே வரி:

"சார் அடுத்த வாரம் சாப்பிடுவார்."